அலகு அலகாக வந்த வேதியியல்

சேலம் – நாமக்கல் சீமையில் பள்ளி வேதியியல் பாடம் கடந்து வந்த பாதை



மலர்க் குழுவினர் வந்து, "வேதியியல் துறை சார்பில் ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டார்கள். துறையின் பழம்பெருமையை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்து ஆள். நம் துறையில் படித்து வெளியே போனவர்களில் பலரும் என்னைப்போல முதுகலை ஆசிரியர்களாகத்தான் போனோம். ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ஆத்தூர், ஓமலூர் என்று சாக்பீஸ் தூசியில்தான் எங்கள் காலம் கழிந்தது. ஆகவே பள்ளிக்கூடத்து வேதியியலின் கதையை எழுதலாம் என்று துணிந்தேன். பாடநூலைத் திறந்தால் "அலகு 1, அலகு 2" என்று வரிசையாக நிற்கிறதே, அந்த வரிசை எங்கிருந்து வந்தது? அதை நம் ஊர் எப்படிப் பயன்படுத்தியது, எங்கே கோட்டை விட்டது? இதுதான் விஷயம்.

சேலத்தில் பிறந்த சொற்கள்

பாடம் நடத்த முதலில் சொல் வேண்டும் அல்லவா? தமிழில் வேதியியல் எழுதும் முயற்சி யாழ்ப்பாணத்தில் தொடங்கியது எனலாம். மானிப்பாயில் மருத்துவப் பணி செய்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவர் முயற்சியால் 1875-ஆம் ஆண்டு நாகர்கோவிலில் அச்சாகி வந்த வேதியியல் நூலின் பெயர் "கெமிஸ்தம்". பெயரைப் பார்த்தாலே தெரியும், அன்று சொல்லுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று!

அடுத்த பெரிய முயற்சி நம் சேலத்தில் நடந்தது. இது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகமே. 1900-ஆம் ஆண்டு வாக்கில் சேலத்துக்கு வக்கீலாக வந்தவர் ராஜாஜி. 1917-இல் நகராட்சித் தலைவரும் ஆனார். அதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 1916-இல், வெங்கடசுப்பையர் போன்ற நண்பர்களுடன் சேர்ந்து அவர் தொடங்கியதுதான் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். வேதியியல், இயற்பியல், கணிதம், வானவியல், உயிரியல் ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களுக்கு எளிய தமிழ்ச் சொற்களைக் கண்டுபிடிப்பதே அதன் வேலை. சங்கத்துக்கென்று ஒரு பத்திரிகையும் வந்தது. தமிழ்ச் சொல்லுக்காக நடத்தும் பத்திரிகை ஆங்கிலத்தில் வருகிறதே என்று பாரதியார் குறைபட்டுக்கொண்டார். முயற்சியை அவர் பாராட்டத் தவறவில்லை. குறை நியாயமானதுதான்; ஆனால் கோர்ட்டு வேலைக்கு நடுவே வக்கீல்கள் உட்கார்ந்து அமிலத்துக்கும் உப்புக்கும் பெயர் தேடினார்களே, அதை நினைத்துப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் "திண்ணை ரஸாயனம்" என்றே ராஜாஜி ஒரு நூல் எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பாணியில் வேதியியலைச் சொல்ல முடியும் என்று நம்பிய மனிதர் அவர்.

1937-இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானபோது கல்வித் துறையைக் கவனித்தவர் டாக்டர் ப. சுப்பராயன். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார். ஆக, மாகாணக் கல்வியின் தலையெழுத்து அன்று நம் சீமைக்காரர்கள் இருவர் கையில் இருந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் பாடங்களைத் தாய்மொழியில் நடத்தும் ஏற்பாடு வலுப்பெற்றது அந்தக் காலத்தில்தான். 1938-இல் கலைச்சொல் தொகுப்பு ஒன்றும் வெளிவந்தது. பிராணவாயு, கரியமிலவாயு, திராவகம் என்று படித்த தலைமுறை அது. பிறகு ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்ஸைடு, அமிலம் என்று மாறியது. "இரசாயனம்" போய் "வேதியியல்" வந்தது. சொல் மாறிக்கொண்டே இருந்தாலும், தமிழில் படித்தாலும் வேதியியல் விளங்கும் என்ற நம்பிக்கைக்கு விதை போட்ட ஊர்களில் சேலமும் ஒன்று.

"யூனிட்" என்ற வார்த்தை

இனி "யூனிட்" கதைக்கு வருவோம். பி.எட். படித்தவர்களுக்கு "யூனிட் பிளான்" என்றாலே பழைய ரெக்கார்டு நோட்டு ஞாபகம் வரும். ராத்திரி கண் விழித்துக் கோடு போட்டு எழுதியது யாருக்குத்தான் மறக்கும்! அது யார் யோசனை என்று அப்போது நாம் கேட்டதில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹென்றி மாரிசன் 1926-இல் உயர்நிலைப் பள்ளிக் கற்பித்தலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாடத்தை நாளைக்கு இத்தனை பக்கம் என்று நறுக்கக் கூடாது, பொருள் நிறைந்த அலகுகளாகப் பிரிக்க வேண்டும் என்றார். ஒவ்வோர் அலகுக்கும் அவர் சொன்ன வழி மிக எளிமையானது. முதலில் மாணவனுக்கு என்ன தெரியும் என்று சோதித்துப் பார். பிறகு கற்பி. மறுபடி சோதி. விளங்கவில்லையென்றால் உன் முறையை மாற்றிக்கொண்டு திரும்பக் கற்பி. உண்மையாகவே கற்றுக்கொள்ளும் வரை விடாதே. அதாவது அலகு முடிந்தது என்பதற்கு அடையாளம் மாணவன் தலையில் இருக்கிறது. ஆசிரியரின் டைரியில் இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் நம் பக்கம் வந்து சேரும்போது வழியிலேயே காணாமல் போனது!

அடுத்து பெஞ்சமின் புளூம். கல்வி நோக்கங்களை அறிவு, புரிதல், பயன்படுத்துதல் என்று படிப்படியாக வகைப்படுத்திய அவருடைய நூல் வெளிவந்தது 1956-இல். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அவர் இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிற்சிப் பட்டறைகளை நடத்தினார். கேள்வித்தாள் தயாரிப்பதற்கு முன்னால், எந்த அலகிலிருந்து எத்தனை மதிப்பெண், அதில் மனப்பாடத்துக்கு எவ்வளவு, சிந்தனைக்கு எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதும் "புளூ பிரிண்ட்" வழக்கம் அந்த வழியில் வந்ததுதான். வீடு கட்டுவதற்குப் புளூ பிரிண்ட் போல, கேள்வித்தாளுக்கும் ஒரு புளூ பிரிண்ட். நல்ல எண்ணத்தில் செய்தார்கள். அது என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1957 அக்டோபர் 4-ஆம் தேதி ரஷ்யாவின் ஸ்புட்னிக் வானில் ஏறியது. அமெரிக்கர்கள் திடுக்கிட்டார்கள். "நம் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானப் பாடம் சரியில்லை" என்று முடிவு கட்டிப் பணத்தைக் கொட்டினார்கள். அதில் வேதியியலுக்குக் கிடைத்தது "கெம் ஸ்டடி" என்ற திட்டம். நோபல் பரிசு பெற்ற கிளென் சீபோர்க் அதன் குழுத் தலைவர். ஜார்ஜ் பிமெண்டல் பதிப்பாசிரியர். 1963-இல் வெளிவந்த அதன் பாடநூலின் பெயரிலேயே வேதியியல் ஒரு சோதனை விஞ்ஞானம் என்று இருந்தது. முதல் சோதனை என்ன தெரியுமா? எரிகிற மெழுகுவர்த்தியை உற்றுப் பார்த்து, கண்டதையெல்லாம் எழுதுவது. அவ்வளவுதான்! மெழுகுவர்த்தியை வைத்தே மைக்கேல் ஃபாரடே லண்டனில் சிறுவர்களுக்குத் தொடர் சொற்பொழிவு நடத்தியவர். நூறு வருஷம் கழித்தும் அந்தச் சுடர் அணையவில்லை.

அதே 1963-இலிருந்து இந்தியாவிலும் விஞ்ஞான ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் நடந்தன. கெம் ஸ்டடி போன்ற திட்டங்களின் நூல்களும் சோதனைகளும் அந்த முகாம்கள் வழியாக நம் நாட்டு ஆசிரியர்கள் கைக்கு வந்தன. 1961-இல் தில்லியில் என்.சி.இ.ஆர்.டி. தொடங்கப்பட்டது, 1964 முதல் 1966 வரை கோத்தாரி கல்விக் குழு நாடெங்கும் சுற்றி அறிக்கை தந்தது. பத்தாண்டுப் பள்ளி, இரண்டாண்டு மேல்நிலை, மூன்றாண்டுப் பட்டம் என்ற ஏற்பாடு அதிலிருந்துதான் நாடெங்கும் பரவியது.

பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது

நம் பெரியவர்கள் இன்டர்மீடியட் படித்தார்கள். 1950-களின் நடுவில் அது போய், பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு ஒரு வருஷம் கல்லூரியில் பி.யூ.சி. என்று ஆனது. நான் பி.யூ.சி.யின் கடைசி சில செட்டுகளில் ஒருவன். பதினாறு வயதுப் பையனுக்குக் கல்லூரிப் பேராசிரியரே பாடம் நடத்துவார். பெரிய லேப். கேஸ் லைன், ஃபியூம் கப்போர்டு, கிப்ஸ் அப்பாரட்டஸிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். மேல்சட்டையில் வெள்ளி நைட்ரேட் கறை படிந்தால் அதுவே ஒரு பெருமை!

ஆனால் ஒரு குறையும் இருந்தது. கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்கு அங்கே எல்லாம் ஆங்கிலம். பாடத்தை எட்டிப் பிடிப்பதற்குள் பரீட்சை வந்துவிடும். பி.யூ.சி.யில் தவறிப்போய் ஊருக்குத் திரும்பித் தறியில் உட்கார்ந்தவர்கள், லாரிக்கு கிளீனராகப் போனவர்கள் நம் பகுதியில் வீட்டுக்கு வீடு உண்டு. கல்லூரிகளில் தமிழ்வழிப் பாடங்கள் வந்ததும், 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அமைந்ததும் இந்த இடைவெளியைக் குறைக்கத்தான்.

1978-79 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு. கல்லூரியிலிருந்த பி.யூ.சி. வேதியியல், பள்ளிக்கூடத்துக்கு இடம்பெயர்ந்தது. இது சின்ன விஷயமில்லை. பத்தாம் வகுப்போடு நிறுத்தியிருக்க வேண்டிய பெண்பிள்ளைகள், "பக்கத்து ஊர் ஸ்கூல்தானே, போய்ட்டு வரட்டும்" என்று பெற்றோர் சம்மதிக்க, பிளஸ் டூ படித்தார்கள். அந்தப் பள்ளிகளுக்கு வேதியியல் ஆசிரியர்கள் வேண்டுமே? நம் துறையிலிருந்து வரிசையாகப் போனோம்.

பாடநூல் இரண்டு பகுதிகள். தேர்வுக்கு 200 மதிப்பெண். எழுத்துக்கு 150, செய்முறைக்கு 50. செய்முறையில் பருமனறி பகுப்பாய்வு, உப்புப் பகுப்பாய்வு, கரிமச் சேர்மப் பகுப்பாய்வு. பல பள்ளிகளில் லேப் என்பது ஒரு அலமாரியும் நாலு மேஜையும்தான். தண்ணீர்க் குழாய் கிடையாது; குடத்தில் எடுத்து வந்து வைப்போம். கேஸ் கிடையாது, ஸ்பிரிட் விளக்கு. ஆனாலும் பர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக இறங்கி, கடைசிச் சொட்டில் நிரந்தர இளஞ்சிவப்பு நிற்கும்போது ஒரு மாணவியின் முகத்தில் தெரிகிற வெளிச்சம் இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை. "சார், வந்துருச்சுங்க சார்!" என்று கத்துவாள். அந்தக் குரலுக்காகவே குடத்தில் தண்ணீர் சுமக்கலாம்.

நாமக்கல் பாணி

1984-இல் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. அங்கிருந்துதான் நம் சீமை வேறு பாதையில் திரும்பியது. லாரி பாடி கட்டுவதிலும், ரிக் வண்டியை வடநாடு வரை ஓட்டுவதிலும், முட்டையைக் கணக்குப் போட்டு ஏற்றுமதி செய்வதிலும் பேர் போன ஊர் நாமக்கல் – திருச்செங்கோடு வட்டாரம். ஒரு காரியத்தை எடுத்தால் முழு மூச்சாகச் செய்கிற ஜனம். அதே சுறுசுறுப்பை விடுதியோடு கூடிய மெட்ரிகுலேஷன் பள்ளிகளிலும் காட்டினார்கள். 1997 ஜனவரி 1-ஆம் தேதி நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு, மாநில ரேங்க் பட்டியலில் அந்தப் பெயர் அடிக்கடி வந்தது. ராமநாதபுரத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள்.

இந்தப் பள்ளிகளை ஒட்டுமொத்தமாகப் பழிப்பவர்கள் உண்டு. "பிராய்லர் பள்ளி" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நாமக்கல்லில் பெரும்பாலும் முட்டைக் கோழிதான், பிராய்லர் பல்லடம் பக்கம் என்பது வேறு விஷயம்! உண்மையைச் சொன்னால், அலகு முறையை மிகக் கறாராகக் கடைப்பிடித்தவர்கள் இவர்களே. ஒரு அலகு நடத்தினால் மறுநாள் தேர்வு. தப்பாக எழுதினால் அன்று மாலையே மறுதேர்வு. மூன்று அலகு சேர்ந்தால் ஒரு சுற்று, பிறகு அரைப் பாடம், முழுப் பாடம், திருப்புதல் ஒன்று, இரண்டு, மூன்று. மாரிசன் சொன்ன "சோதி, திரும்பக் கற்பி, திரும்பச் சோதி" என்பதைக் கடிகாரம் வைத்துச் செய்தார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எத்தனையோ பிள்ளைகள் இதனால் டாக்டர்களாகவும் இன்ஜினியர்களாகவும் ஆனார்கள். மறுக்க முடியாது.

ஆனால் இரண்டு விஷயங்கள் கெட்டுப்போயின. ஒன்று, புளூ பிரிண்ட். கேள்வித்தாள் தயாரிப்பவருக்காக உண்டான அந்தக் கட்டம், மாணவன் கைக்கு வந்தது. எந்த அலகில் பத்து மதிப்பெண் கேள்வி வரும், எதைச் சாய்ஸில் விடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பாடம் முழுதும் பரவலாகக் கேட்க வேண்டும் என்று வைத்த ஏற்பாடே, பாடத்தைக் கழித்துக் கட்டும் வழிகாட்டியாக மாறியது. "சார், அந்த யூனிட்டு வேண்டாமுங்க சார், அதுல மூணு மார்க்குதான் வரும்" என்று மாணவன் ஆசிரியருக்குப் பாடத்திட்டம் வகுத்துக் கொடுத்தான்!

இரண்டாவது இதைவிடப் பெரியது. கல்லூரிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும்தான் கணக்கு. 2007-இல் நுழைவுத் தேர்வு நின்ற பிறகு கட்-ஆஃப் முழுவதும் அதை வைத்தே என்று ஆனது. அப்புறம் பதினோராம் வகுப்புப் புத்தகத்தை எதற்குத் தொடவேண்டும்? விடுதிப் பள்ளிகள் பலவற்றில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கியது. இரண்டு வருஷம் ஒரே புத்தகம். அரசுப் பள்ளிகளிலும் இந்தக் காற்று அடிக்காமல் இல்லை.

விட்டுப்போன படிகள்

ஏணியில் கீழ்ப்படிகளைக் கழற்றிவிட்டு மேல்படியில் ஏறச் சொன்னால் என்ன ஆகும்? நம் கல்லூரிப் பேராசிரியர்களைக் கேளுங்கள். வேதியியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூறு வாங்கிய மாணவன் முதலாமாண்டு வகுப்பில் உட்கார்ந்து, மோல் கணக்கு வந்ததும் விழிப்பான். "லெவன்த்து புக்கு நாங்க தொறக்கவே இல்லீங்க சார்" என்பான். அவன் மேல் என்ன தப்பு?

வேதியியல் மற்றப் பாடங்களைப்போல இல்லை. இன்று புழக்கத்தில் உள்ள பாடநூல்களையே எடுத்துக்கொள்வோம். புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு நூல் 2018-இலும், பன்னிரண்டாம் வகுப்பு நூல் 2019-இலும் வந்தன. இரண்டிலும் பதினைந்து, பதினைந்து அலகுகள். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் அலகு உலோகவியல். அதில் எலிங்கம் வரைபடம் வருகிறது. அதைப் புரிந்துகொள்ள கிப்ஸ் ஆற்றல் தெரிய வேண்டும்; அது பதினோராம் வகுப்பு ஏழாம் அலகு, வெப்ப இயக்கவியல். பன்னிரண்டின் எட்டாம் அலகு அயனிச் சமநிலை. அதற்கு அடிப்படை பதினொன்றின் எட்டாம் அலகான வேதிச் சமநிலை. மின்வேதியியலுக்கு ஆக்ஸிஜனேற்ற எண் வேண்டும். அது பதினொன்றின் முதல் அலகு. அணைவு வேதியியலுக்கு வேதிப் பிணைப்பு, கார்பனைல் சேர்மங்களுக்குக் கரிம வினைகளின் அடிப்படை, பி-தொகுதித் தனிமங்களுக்கு ஆவர்த்தன வகைப்பாடு. பின்னால் வருகிற ஒவ்வொன்றும் முன்னால் உள்ள ஒன்றின் தோள்மேல் நிற்கிறது. தோளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மனப்பாடம்தான்.

2017-இல் நீட் தேர்வு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஓட்டை ஊருக்கெல்லாம் தெரிந்தது. நீட் வேதியியலில் 45 கேள்விகள். பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வரும். நீட் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு வேறு. அதற்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. ஆனால் பாதிப் பாடத்தை நாம் நடத்தவே இல்லை என்பது அன்று வெளிப்பட்டது. அதே ஆண்டில் அரசு மூன்று மாற்றங்களைச் செய்தது. மாநில ரேங்க் அறிவிப்பு நின்றது. பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து 2018 மார்ச்சில் நடத்தினார்கள். பாடத்துக்கு 200 என்பது 100 ஆனது; வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10.

பொதுத்தேர்வு என்றதும் பதினோராம் வகுப்புப் புத்தகத்துக்கு உயிர் வந்தது. பூட்டிக் கிடந்த லேப்களை அந்த வருஷம் திறந்து தூசி தட்டியவர்கள் பலர். ஆனால் 2018-இலேயே, உயர்கல்விக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே போதும் என்று மாற்றினார்கள். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, 2025-26 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்ற அறிவிப்பும் வந்தது. பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு பாரம் என்பது நியாயமான கவலைதான். பாரம் குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பரீட்சை இல்லையென்றால் பாடமும் இல்லை என்ற பழைய பழக்கம் திரும்பிவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை. பரீட்சை என்ற காவல்காரன் போய்விட்டான். இனி ஆசிரியரின் மனச்சாட்சிதான் காவல்.

நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது

அலகு என்பது வெறும் பக்கக் கணக்காக ஆகாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஒவ்வோர் அலகையும் ஊரோடு கட்டிப் போடுவது. இந்த விஷயத்தில் நம் சேலம் – நாமக்கல் சமவெளிக்கு இணையான இடம் குறைவு. சில உதாரணங்கள் மட்டும் சொல்கிறேன்.

மோல் கணக்கு நடத்த வேண்டுமா? கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும் சுரங்க மண்ணைப் பாருங்கள். அது மேக்னசைட், வேதிப் பெயர் மெக்னீசியம் கார்பனேட். 84 கிராம் சுட்டால் 40 கிராம் மெக்னீசியம் ஆக்ஸைடு நிற்கும்; 44 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு காற்றோடு போகும். அதாவது சுத்தமான கல் ஒரு டன் சூளைக்குள் போனால் ஏறக்குறைய 476 கிலோதான் வெளியே வரும். பாதிக்கு மேல் ஆகாசத்துக்கு! சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவின் மகனுக்கு இந்தக் கணக்கு ஒரு முறை சொன்னால் போதும், ஆயுசுக்கும் மறக்காது.

மின்னாற்பகுப்பு நடத்த மேட்டூர் இருக்கிறது. அணை 1934-இல் முடிந்தது. 1936-இல் மேட்டூர் கெமிக்கல் கம்பெனி பதிவானது. காரணம் என்ன? உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் கிடைக்கும். அதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். அதனால் அணை பக்கத்திலேயே ஆலை. ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டை வைத்து 1965-இல் மேட்டூரில் அலுமினிய ஆலை வந்ததும் அதே தர்க்கம்தான். அலுமினியத்தை ஏன் கரியோடு சேர்த்துச் சாதாரண உலையில் எடுக்க முடியாது என்பதை எலிங்கம் வரைபடம் சொல்லும். மின்சாரம் விலை ஏறினால் அந்தத் தொழில் எப்படித் தடுமாறும் என்பதையும் மேட்டூர் சொல்லும். 2008-இல் அங்கே உருக்குவது நின்றது. உலோகவியலும் பொருளாதாரமும் ஒரே பாடத்தில்!

இரும்புக்குக் கஞ்சமலை. இங்கே கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் சேலத்து இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் உருக்காலை தொடங்கினார். பிறகு இங்கிலாந்து போய், எஃகு செய்யும்போது மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். இடைநிலைத் தனிமங்கள் அலகில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசியும் கார்போஹைட்ரேட் பாடம். ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலம். போர்வெல் தண்ணீர் கடினநீர்ப் பாடம்; சோப்பு நுரைக்காத கதையை அம்மாக்களைக் கேட்டாலே சொல்வார்கள். ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தலில் ஒயின் சிவப்பு போய் நீலம் வரும்போது அந்த ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மை எண்ணாகவே கையில் வந்துவிடும். நம் மாவட்டங்களில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுத் தரக் கட்டுப்பாட்டு வரம்பு. பல்லில் பழுப்புக் கறையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சுற்றுச்சூழல் வேதியியல் பதினைந்தாவது அலகு இல்லை. அதுதான் முதல் அலகு.

நாம் செய்யக்கூடியது

பழைய மாணவர் சங்கம் என்றால் வருஷத்துக்கு ஒரு முறை கூடி, சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவது மட்டுமா? நம் துறையில் படித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு மாவட்டங்களிலும் நிறையப் பேர் இருக்கிறோம். சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்களை மாதம் ஒரு சனிக்கிழமை நம் கல்லூரி லேபுக்கு அழைத்து வரலாம். துறையின் அனுமதியோடு, ஒரு நாளைக்கு ஒரு சோதனை போதும். பியூரெட்டைச் சொந்தக் கையால் பிடிக்காமல் பிளஸ் டூ முடிக்கிற பிள்ளை நம் வட்டாரத்தில் இருக்கக் கூடாது.

இரண்டாவது, முதலாமாண்டில் சேரும் மாணவர்களுக்கு முதல் மாதம் ஒரு சின்னச் சோதனை வைத்து, விட்டுப்போன பதினோராம் வகுப்பு அலகுகள் எவையென்று கண்டுபிடித்து, அவற்றை மட்டும் நடத்தலாம். மோல், ஆக்ஸிஜனேற்ற எண், பிணைப்பு, சமநிலை, கரிம வினைகளின் அடிப்படை என்ற ஐந்தும் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வரும். ஓய்வுபெற்றவர்கள் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் காரியம் முடிந்தது.

மூன்றாவது, மேக்னசைட், மேட்டூர், கஞ்சமலை, ஜவ்வரிசி, ஃபுளூரைடு என்று உள்ளூர் உதாரணங்களை அலகுவாரியாகத் தொகுத்துத் தமிழில் ஒரு சிறு கையேடு போடலாம். 1916-இல் கையில் ஒரு சொல்லும் இல்லாமல் வக்கீல்கள் உட்கார்ந்து தொடங்கினார்கள். நம்மிடம் சொல்லும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. இனி சாக்குச் சொல்ல இடமில்லை.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. புத்தகத்தில் ஒரு அலகு முடிந்ததும், "இதை வைத்து என்ன கேள்வி வரும்?" என்று கேட்பதற்கு முன்னால், "இதை வைத்து என்னால் எதை விளக்க முடியும்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அம்மா வைக்கிற புளிக்குழம்பு பித்தளைப் பாத்திரத்தை ஏன் பளபளப்பாக்குகிறது என்று விளக்க முடிந்தால், அந்த அலகு உங்களுடையது. முடியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. முந்தைய படிக்கு இறங்கிப் போய் மறுபடி ஏறுங்கள். மதிப்பெண் சான்றிதழ் பெட்டிக்குள் போய்விடும். ஏறிய படிகள் காலுக்குத் தெரியும்.

சங்கம் வளர்க! நம் கல்லூரி வாழ்க! வணக்கம்.